கொள்வாரைத் தேடி நிற்கும் கொடை

'தானே' என்று சிங்கள மொழியில் ஒரு சொல் வழங்குகிறது. 'நான்தானே சொன்னேன்' என்று நாம் பேசுகிறபோது வருகிற 'தானே' அல்ல. தானம் என்ற பழஞ்சொல்லின் பேச்சுவடிவம் அது. கம்பளையிலோ கண்டியிலோ வாழ்கிற தமிழர் எவரும் இச்சொல்லைக் கேளாமல் ஒரு மாதத்தைக் கழிக்க முடியாது. அடுத்த வீட்டுக்காரர் வந்து, 'ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மாவின் தானே, மத்தியானம் சாப்பிட வாருங்கள்' என்பார். தாயார் இறந்து மூன்று மாதம் நிறைவாகிறது, பிக்குமாரை அழைத்து உணவு படைக்கிறார்கள், அதன்பின் ஊரவருக்கும் விருந்து என்பது அந்த ஒரு சொல்லின் பொருள். நமது மொழியில் தானம் என்றால் பசு, நிலம், பொன், இரத்தம், கண் எல்லாம் அடங்கும். அவர்கள் பேச்சில் அச்சொல் முதலில் சோற்றையே குறிக்கிறது. தமிழில் பௌத்தம் பேசிய பெருங்காப்பியமாகிய மணிமேகலையும் இவ்வாறே சோற்றிலிருந்துதான் அறத்தைத் தொடங்குகிறது. இந்த ஒற்றுமையைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

வெசாக் பௌர்ணமியன்று கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியிலோ, பேராதனைப் பக்கமாக வரும் வீதியிலோ பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வாலிபர்கள் சிலர் கையில் பௌத்தக் கொடியை ஏந்தி, வீதியின் நடுவே நின்று, வருகிற பஸ்ஸை மறிப்பார்கள். சாரதியிடம் சண்டை பிடிப்பதற்கு அல்ல. 'இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்' என்று கெஞ்சுவதற்கு. தகரக் கூரையும் தென்னோலைத் தோரணமும் கொண்ட பந்தல் ஒன்று வீதியோரம் இருக்கும். அதுதான் தன்சல். தானசாலை என்பது அதன் விரிவு. சோறும் கறியும் கொடுக்கிற தன்சல் உண்டு. அவித்த கடலை, மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும், கோப்பி, பெலிமல் தண்ணீர், இப்போது ஐஸ்கிறீம் என்று ஊருக்கு ஊர் வகை மாறும். பொசொன் பௌர்ணமியிலும் இவை எழும். யார் எவர் என்று எவரும் கேட்பதில்லை. பொட்டு வைத்த பெண்ணுக்கும் தொப்பி போட்ட முதியவருக்கும் அதே கோப்பை, அதே அகப்பை.

கொடுப்பவன் வீதியில் நின்று இரக்கிறான், வாங்குபவன் பஸ்ஸின் ஆசனத்தில் சாய்ந்திருந்து 'நேரமாகிறது' என்கிறான். இந்தத் தலைகீழ் நிலை வேடிக்கையானது. ஆனால், இதைச் சாத்தனார் எப்போதோ எழுதிவிட்டார்.

ஆபுத்திரன் கதையைச் சற்று நினைவுகூருங்கள். பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டுப் பசுவின் பாலால் பிழைத்த குழந்தை அவன். வளர்ந்தபின் வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துச் சென்றமைக்காக ஊரால் துரத்தப்பட்டான். மதுரைக்கு வந்து, பிச்சையெடுத்த சோற்றைக் குருடருக்கும் முடவருக்கும் ஆதரவற்றோருக்கும் கொடுத்து, மிஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கினான். மழை பெய்கிற ஓர் இருளில் பசித்தவர் சிலர் வந்து அவனை எழுப்பினர். கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோது சிந்தாதேவி தன் கையிலிருந்த அமுதசுரபியைக் கொடுத்தாள். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். அவன் உயிரினம் யாவற்றுக்கும் ஊட்டினான்.

இதன்பின் வருகிற பகுதிதான் என்னைப் பல ஆண்டுகளாகச் சிந்திக்க வைத்தது. இந்திரன் கிழவேடம் பூண்டு வந்து, 'உன் தானத்திற்குப் பலன் தருகிறேன், பெற்றுக்கொள்' என்றான். ஆபுத்திரன் சிரித்தான். பசித்தவர் முகம் மலர்வதைக் காண்கிறேன், அதற்குமேல் உன்னிடம் என்ன இருக்கிறது என்ற பொருள்பட விடை சொன்னான். சினங்கொண்ட இந்திரன் செய்த தண்டனை எது? இடியல்ல, சாபமல்ல. மழை! பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த பாண்டிநாட்டில் மழை பொழிந்தது. வயல்கள் விளைந்தன. பசித்தவர் இல்லாமற் போயினர். அமுதசுரபியைக் கையிலேந்தி 'உண்பார் உளரோ' என்று ஊரூராகச் சுற்றிய அவனைக் கண்டு மக்கள் எள்ளினார்கள். ஊர் செழித்ததே என்று அவன் மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? மகிழ்ந்ததாகக் காப்பியம் சொல்லவில்லை. சாவக நாட்டிலே பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். கப்பல் மணிபல்லவத்தில் தங்கியது. இறங்கியவனை மறந்து மரக்கலம் போய்விட்டது. ஆளில்லாத் தீவில், உலகுக்கெல்லாம் ஊட்டவல்ல பாத்திரத்தோடு தனித்து நின்றவன், அதைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டான்.

கொடைக்குக் கொள்வோன் வேண்டும். கொள்வோன் இல்லாத கொடையாளி பசித்தவனைவிட ஏழை. சங்கப் புலவர்கள் பாணரையும் விறலியரையும் வள்ளல்களிடம் ஆற்றுப்படுத்தினார்கள். சாத்தனார் வள்ளலைப் பசித்தவர்களிடம் ஆற்றுப்படுத்துகிறார். அவர் மதுரையில் தானியம் விற்ற கூலவாணிகர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கிறேன். படி அரிசிக்கும் பசிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடையில் இருந்தே கண்டவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பாத்திரம் கோமுகியின் நீர்மேல் ஆண்டுக்கு ஒருமுறைதான் எழும். எந்நாளில்? புத்தர் பெருமான் பிறந்த வைகாசி விசாகப் பௌர்ணமியில். அந்நாளில்தான் மணிமேகலையின் கையில் அது சேர்கிறது. மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கருதுவோர் உளர். மறுப்போரும் உளர். அந்த வழக்குக்குள் நான் இறங்கவில்லை. விசாக நாளில் சோற்றுப் பாத்திரம் வெளிப்படுகிறது என்ற செய்தியும், அதே நாளில் இலங்கையின் வீதியெங்கும் சோற்றுப் பந்தல்கள் எழுகின்றன என்ற செய்தியும் அருகருகே நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் வாதிடமாட்டேன். ஒரே நிலத்தடி நீர் இரண்டு கிணறுகளில் ஊறுகிறது என்று கொள்வதில் தவறில்லை.

இனி, வீட்டில் நடக்கும் தானேயைப் பார்ப்போம். இங்கே வேறோர் ஒழுங்கு உண்டு. பிக்குமார் வரிசையாக வருவர். புனித தாதுவைக் கொண்ட பேழையை வீட்டவர் ஒருவர் தலையில் ஏந்தி, வெண்துணி விதானத்தின் கீழ் நடந்து வருவார். மேளம் முன்னே செல்லும். வாசலில் அவர்களின் பாதங்களை வீட்டவர் கழுவித் துடைப்பர். வெண்துணி விரித்த ஆசனத்தில் அமரச் செய்வர். முதற் படையல் புத்தருக்கு. அதன்பின் பிக்குமாருக்கு. நண்பகலுக்கு முன் உணவு முடிந்துவிட வேண்டும், ஏனெனில் அதன்பின் அவர்கள் திட உணவு கொள்வதில்லை. பின்னர் எட்டுப் பொருள்கள் கொண்ட 'அட்டபிரிகர' கொடுக்கப்படும்: மூன்று துவராடைகள், பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டும் துணி. ஒரு துறவிக்கு உலகில் தேவையானது இவ்வளவே என்ற கணக்கு அது. முடிவில் வீட்டவர் எல்லோரும் ஒரு செம்பைச் சேர்ந்து பிடித்து, அதிலுள்ள நீரைக் கோப்பையில் வார்ப்பார்கள். கோப்பை நிறைந்து தட்டிலே வழிய வேண்டும். செய்த புண்ணியம் இறந்தவரைச் சென்று சேரட்டும் என்பது கருத்து. தாரை வார்த்தல் நமக்கும் தெரிந்ததே. நாம் பொருளைத் தாரை வார்க்கிறோம், அவர்கள் புண்ணியத்தையே வார்க்கிறார்கள்.

விகாரைக்கு நாள்தோறும் உணவு கொண்டுசெல்லும் முறையும் கிராமங்களில் உண்டு. மாதத்தின் இன்ன தேதி இன்ன குடும்பத்துக்கு என்று பட்டியல் இருக்கும். தந்தை இறந்தால் அந்தத் தேதி மகனுக்கு வரும். காணி பூமி பிரிக்கிறபோது சண்டையிடும் சகோதரர்கள் இந்தத் தேதியை மட்டும் சண்டையின்றி ஏற்றுக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால், இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தானத்தின் பெருமை வாங்குபவரின் தகுதியைப் பொறுத்ததா, பசியைப் பொறுத்ததா? பாளி நூல்கள் இதில் ஒரு படிவரிசை காட்டுகின்றன. தக்கிணா விபங்க சூத்திரத்தில் விலங்குக்குக் கொடுப்பதிலிருந்து தொடங்கி, ஒழுக்கமற்றவன், ஒழுக்கமுள்ளவன், ஞானி என்று பலன் ஏறிக்கொண்டே போகிறது. தனியொருவருக்குக் கொடுப்பதைவிடச் சங்கம் முழுமைக்கும் கொடுப்பது மேல் என்கிறது. சங்கத்தை ஒப்பற்ற புண்ணிய வயல் என்பர். நல்ல வயலில் விதைத்தால் நல்ல விளைச்சல். உழவர் சமூகத்துக்குத் தெளிவாக விளங்கும் உவமை. ஆனால், விளைச்சலை எதிர்பார்த்து விதைப்பது கொடையா என்று வள்ளுவர் வழியில் வந்த மனம் கேட்கும். இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை எல்லாம் திரும்பி வரும் என்று அளந்து கொடுப்பவை என்ற கருத்து நமக்குப் பாலபாடம். மணிமேகலையும் ஆற்றாதவர்களின் பசியைத் தீர்ப்பவரின் பக்கமே நிற்கிறது. அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை, கற்புடைய இல்லாள். அதன் சோற்றை முதலில் உண்டவள் தீராப்பசி நோய் கொண்ட காயசண்டிகை. இடுபவளின் தூய்மையைக் காப்பியம் பார்க்கிறது. உண்பவளிடம் தூய்மையைக் கேட்கவில்லை, பசியை மட்டும் பார்க்கிறது.

இவ்விரண்டும் பகையல்ல என்பதே என் எண்ணம். பௌத்தர்கள் தாமே இரண்டையும் ஒருசேர வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தானேயில் தகுதி முன்னே வருகிறது. தன்சலில் தகுதி பற்றிய பேச்சே இல்லை. பிக்குவுக்குப் படைத்த அதே குடும்பம் மறுவாரம் வீதியில் நின்று, குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவனுக்கும் சோறு போடுகிறது. நூல் வகுத்த ஒழுங்கை மக்கள் மீறவில்லை, அதன் பக்கத்தில் இன்னொரு பந்தலைப் போட்டுக்கொண்டார்கள்.

கம்பளை இலங்கையின் தலைநகராயிருந்த காலம் உண்டு. கங்காசிறிபுர என்று அழைக்கப்பட்டது. நான்காம் புவனேகபாகு 1341 முதல் 1351 வரை இங்கிருந்து ஆண்டான். அவனுடைய அமைச்சன் சேனாலங்காதிகாரன் 1344இல் எடுப்பித்தது லங்காதிலக விகாரை. தௌலகலைக்கு அண்மையில், வழுவழுப்பான பாறையொன்றின் உச்சியில், வயல்வெளிகளைப் பார்த்து நிற்கிறது. ஒருபக்கம் புத்தர் சந்நிதி. அதைச் சுற்றி உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் ஆகிய தெய்வங்களின் சந்நிதிகள். அங்கே செல்லும் நேயர்கள் கட்டடத்தின் அழகில் மயங்கி உடனே திரும்பிவிட வேண்டாம். பாறையிலே வெட்டப்பட்டிருக்கும் சாசனத்தைக் கட்டாயம் பாருங்கள். அது சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது!

சக வருடம் 1266ஐக் குறிக்கும் அச்சாசனம், விகாரை எழுந்த செய்தியையும் அதற்குக் கொடுக்கப்பட்ட நிலங்களையும் கூறுகிறது. ஒரு பௌத்த ஆலயத்துக்குச் சிங்கள மன்னனின் அமைச்சன் செய்த தானத்தை, மலைநாட்டின் நடுவில், தமிழில் ஏன் எழுத வேண்டும்? அழகுக்காக எவரும் பாறையை வெட்டுவதில்லை. அதைப் படிக்கக் கூடியவர்களும், தானத்தைக் காக்க வேண்டியவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதுதான் காரணமாக இருக்க முடியும். வணிகரும் சிற்பியரும் படைவீரரும் அலுவலருமாகத் தமிழ் பேசுவோர் கம்பளை அரசில் வாழ்ந்தனர். பக்கத்திலே பிலிமத்தலாவைக்கு அருகிலுள்ள கடலாதெனிய விகாரையும் அதே 1344இல் எழுந்ததுதான். தர்மகீர்த்தி தேரர் அதை எடுப்பித்தார். கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. அந்தக் கல் மண்டபத்தின் தூண்களைப் பார்க்கிற தமிழருக்கு, எந்த மரபில் வந்த உளி அது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொடை ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. தர்மகீர்த்தி தேரர் ஆந்திர நாட்டுத் தானியகடகத்தில், அதாவது இன்றைய அமராவதியில், பழுதடைந்த விகாரையைப் புதுப்பித்தவர். சேனாலங்காதிகாரன் காஞ்சிபுரத்தில் கல்லால் ஒரு புத்தர் மனையை எடுப்பித்தான் என்று நிகாய சங்கிரகம் என்ற சிங்கள நூல் கூறுகிறது. காஞ்சி! மணிமேகலை தன் பயணத்தின் முடிவில் சென்று சேர்ந்த ஊர். பஞ்சத்தால் வாடிய அந்நகரில்தான் அவள் அமுதசுரபியை வைத்துப் பல்லுயிர்க்கும் ஊட்டினாள், அறவண அடிகளிடம் அறங்கேட்டாள். அந்த ஊருக்குக் கம்பளை அரசிலிருந்து ஒரு கொடை போயிருக்கிறது. சேனாலங்காதிகாரன் மணிமேகலையைக் கேள்விப்பட்டிருப்பானா என்பதற்கு விடை கிடையாது. இருந்தாலும் கேட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நிலதானம் என்றவுடன் நாம் மன்னனை வாழ்த்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நிலம் தானே விளைவதில்லை. விகாரைக்கும் தேவாலயத்துக்கும் விடப்பட்ட காணிகளில் குடியிருந்தோர், அதற்கு ஈடாகப் பணி செய்ய வேண்டும். ஒரு பங்குக்காரன் மேளம் அடிப்பான், ஒருவன் பானை வனைந்து கொடுப்பான், ஒருவன் பெரகராவில் பந்தம் பிடிப்பான், ஒருவன் படையல் சோறு சமைப்பான். இராஜகாரிய முறை இது. ஆங்கிலேயர் 1870இல் சட்டம் இயற்றி, இப்பணிகளைப் பணமாக மாற்றிக்கொள்ள வழிசெய்தனர். எனினும் கண்டிப் பெரகராவில் இன்றும் பரம்பரை உரிமையாக இப்பணிகளைச் செய்வோர் இருக்கிறார்கள். கல்லிலே பெயர் பொறிக்கப்பட்டவன் ஒருமுறை கொடுத்தான். அந்த வயலை உழுதவனின் பரம்பரை ஆண்டுதோறும் கொடுத்து வந்தது. பின்னவனைத் தானபதி என்று எந்தச் சாசனமும் அழைக்கவில்லை.

கொடையின் எல்லை எது என்பதும் பழைய வினாவே. வெஸ்ஸந்தர ஜாதகம் அதைக் கூர்மையாகக் கேட்கிறது. மழையைத் தரும் வெள்ளை யானையைக் கொடுத்தமைக்காக நாடு கடத்தப்பட்ட இளவரசன், காட்டில் தன் பிள்ளைகள் இருவரையும் ஒரு கிழட்டுப் பிராமணனுக்குக் கொடுத்துவிடுகிறான். அந்த மனிதன் குழந்தைகளைக் கொடியால் கட்டி அடித்துக்கொண்டு போகிறான். தந்தை பார்த்துக்கொண்டிருக்கிறான். கண்டிக்கு அருகே தெகல்தொருவக் குகை விகாரையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர்கள் இக்கதையைச் செந்நிறப் பின்னணியில் வரைந்திருக்கிறார்கள். மதுரை நாயக்கர் உறவில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் தொடங்கிவைத்த விகாரை அது என்பது நமக்கு இன்னொரு செய்தி. மரண வீடுகளில் இரவு விழித்திருப்போர் வெஸ்ஸந்தரன் கதையைச் செய்யுளாகப் பாடுவதும் சிங்கள மக்களின் வழக்கம்.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததையும் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததையும் நாம் கொடைமடம் என்று புகழ்கிறோம். தேருக்கும் போர்வைக்கும் நோவில்லை. குழந்தைக்கு நோவுண்டு. மிலிந்த மன்னனே இதைக் குறித்து நாகசேனரிடம் வழக்காடுகிறான். புத்தநிலை அடைய இது வேண்டும் என்பது நாகசேனர் தரும் விடையின் சாரம். அந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. அக்கதை பாடப்படும்போது கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களும் குழந்தைகளை நினைத்தே கண்ணீர் விடுகிறார்கள். இளவரசனின் புகழை நினைத்து அழுதவரை நான் காணவில்லை.

இதற்கு மாறாக, சிவி ஜாதகம் என்னை வணங்க வைக்கிறது. சிவி மன்னன் கொடுத்தது தன் கண்களை. தமிழ் மரபில் புறாவுக்காகத் தசையை அரிந்து கொடுத்த சிபிச் சோழனின் இணை அவன். பிறர் உடம்பைக் கொடுப்பது வேறு, தன் உடம்பைக் கொடுப்பது வேறு. அந்தக் கதை கதையாகவே நின்றுவிடவும் இல்லை. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964 முதல் இலங்கையரின் விழிவெண்படலங்கள் வெளிநாடுகளுக்குச் செல்லத் தொடங்கின. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பல்லாயிரவர் அவற்றால் பார்வை பெற்றனர். பெற்றவர்களில் பௌத்தர் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர் என்று கொடுத்தவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்வதற்கு அவர்கள் உயிரோடு இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, கம்பளையின் பெயரோடு ஒட்டிய கசப்பான ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வலஹாகொட தேவாலயத்தின் பெரகரா, அம்பகமுவ வீதியில் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்று 1912இல் எழுந்த தகராறு நீதிமன்றம் ஏறியது. 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கை தமக்கு அந்த உரிமையைத் தருகிறது என்று தேவாலயத்தார் வாதிட்டனர். கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு மே மாதம் வெசாக் இரவில் கண்டியில் கலவரம் மூண்டு நாடெங்கும் பரவியது. கடைகள் எரிந்தன. உயிர்கள் போயின. படைச்சட்டம் வந்தது, அதன்பேரால் நிகழ்ந்த கொடுமைகள் தனிக்கதை. அமுதசுரபி எழுகிற நாள் என்று சற்றுமுன் சொன்னேனே, அந்த நாளில்தான் இதுவும் நடந்தது. எனவே ஒரு சமூகத்தின் கொடைப் பண்பை அதன் பந்தல்களை மட்டும் பார்த்து எழுதுவது போதாது. வீதி யாருடையது என்ற கேள்வியையும் சேர்த்தே எழுத வேண்டும். தன்சல் நடப்பதும் வீதியிலே, பெரகரா போவதும் வீதியிலே.

தோட்டப்புறத்து மக்களை இதில் மறக்கலாகாது. கம்பளையைச் சுற்றிப் புசல்லாவை, நாவலப்பிட்டி, தொலஸ்பாகை என்று மலையெல்லாம் தேயிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தமிழகத்துப் பஞ்சங்களிலிருந்து வந்த மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. அதைத் திரும்பப் பெறப் பல தசாப்தங்கள் சென்றன. வெசாக் நாளில் லயத்துப் பிள்ளைகள் லொறியில் ஏறி வந்து, தன்சல் வரிசையில் நிற்பார்கள். சோறு வாங்குகிற வரிசையில் எவரும் அவர்களிடம் குடியுரிமைப் பத்திரம் கேட்டதில்லை. அந்தச் சோற்றுக்கு நன்றியுடையோம். ஆயினும், அந்த வரிசையில் கிடைத்த சமத்துவம் மறுநாள் காலையில் கந்தோரில் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும்படி மன்னனைக் கேட்டாள். ஒரு நாள் சோறு போட்டு அவள் நிறுத்திக்கொள்ளவில்லை.

2020இலும் 2021இலும் நோய்த்தொற்றுக் காரணமாக வீதித் தன்சல்கள் நிகழவில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் நீண்ட வரிசையில் நின்ற காலத்தில், அரிசி மூடை விலையைக் கேட்டே பல ஊர்களில் தன்சல்காரர்கள் பின்வாங்கினார்கள். ஆபுத்திரனுக்கு நேர்ந்ததன் மறுபுறம் இது. அவனிடம் சோறு இருந்தது, பசித்தவர் இல்லை. 2022இல் பசித்தவர் எங்கும் இருந்தார்கள், பானை ஏற அரிசி இல்லை. எனினும், பெரிய பந்தல் போட முடியாத இடங்களில் வாளியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

2025 ஏப்ரலில், பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, கண்டித் தலதா மாளிகையில் தந்த தாதுவை மக்கள் நேரே தரிசிக்கும் வைபவம் நடைபெற்றது. பத்து நாட்களில் நாட்டின் எல்லாத் திக்கிலிருந்தும் மக்கள் திரண்டனர். வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. வந்தவர்கள் இரவும் பகலும் வீதியிலேயே இருந்தார்கள், உறங்கினார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம். அப்போது கண்டி நகரிலே பள்ளிவாசல்கள் தம் கதவுகளைத் திறந்து, வெள்ளுடை அணிந்த பௌத்த யாத்திரிகர்களுக்கு உணவும், தங்க இடமும், கழிவறை வசதியும் கொடுத்தன. வரிசையில் நின்ற முதிய தாய்மார் பள்ளிவாசல் விறாந்தையில் பாய்விரித்துக் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். முஸ்லிம் வாலிபர்கள் சோற்றுப் பொதிகளை வரிசை நெடுகிலும் கொண்டுபோய் நீட்டினார்கள்.